காங்கிரஸ் தலைவரான ராமநாதபுரத்து வக்கீல்: எஸ். சீனிவாச ஐயங்கார்

கீழக்கரையைச் சேர்ந்த, சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "நம் மாவட்டத்தில் பிறந்த வக்கீல் ஒருவர் அகில இந்திய காங்கிரசுக்கே தலைவராக இருந்தார் என்று தேர்வுக்குப் படிக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. சீனிவாச ஐயங்கார் என்ற அவரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. அரசியலில் தோற்றதால்தான் மறந்துவிட்டார்களா? வக்கீல் தொழிலுக்கு வந்து, பிறகு அரசியலுக்குப் போக நினைக்கும் எனக்கு அவரிடம் தெரிந்துகொள்ள ஏதாவது உண்டா?"

ராமநாதபுரம் நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. சீனிவாச ஐயங்கார் அரசியலில் தோற்றவர் என்று நான் கருதவில்லை. அவர் கேட்டதைக் காங்கிரஸ் பின்னால் ஏற்றுக்கொண்டது; அவர் அழைத்து வந்தவர்கள் பின்னால் தலைவர்களானார்கள். ஆனால் அவர் அரசியலுக்குள்ளும் வக்கீலாகவே இருந்தார். அவருடைய பலமும் அதுதான், பத்தே ஆண்டுகளில் அவர் ஒதுங்க நேர்ந்ததற்குக் காரணமும் அதுதான் என்பது என் கருத்து. அதை விளங்கிக்கொள்ள, அவர் பிறந்த காலத்தில் நம் கரையில் சட்டம் என்பது என்னவாக இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் 1874 செப்டம்பர் 11ஆம் தேதி பிறந்தார். அப்போது ராமநாதபுரம் என்று தனி மாவட்டம் கிடையாது. 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து அதை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகும் ஆட்சியர் அலுவலகமும் மாவட்ட நீதிமன்றமும் நெடுங்காலம் மதுரையிலேயே இருந்தன. மாவட்டம் நம் பெயரில், வாய்தா மதுரையில் என்பதுதான் நம் தாத்தாக்களின் நிலை. அவர் பிறந்தபோது 1803இல் நிரந்தர சன்னது பெற்ற சேதுபதி ஜமீன், வாரிசு சிறுவராக இருக்கும் ஜமீன்களைச் சர்க்கார் சார்பில் நடத்தும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் இருந்தது. முந்திய ஆண்டு முத்துராமலிங்க சேதுபதி காலமாகி, வாரிசான பாஸ்கர சேதுபதி ஐந்தாறு வயதுச் சிறுவராக இருந்தார். பின்னாளில் விவேகானந்தர் சிகாகோ செல்ல உதவியவர் இந்தப் பாஸ்கர சேதுபதிதான்.

ஆனால் அந்த முத்துராமலிங்க சேதுபதி பட்டத்துக்கு வந்ததே ஒரு வழக்கின் வழியாகத்தான். தம்பி, நீங்கள் இந்து சட்டத்தில் சுவீகாரம், அதாவது தத்தெடுப்பது, பற்றிப் படித்திருந்தால் "மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி" என்ற பெயரைக் கட்டாயம் படித்திருப்பீர்கள். அது நம் ஊர் வழக்கு என்பதை எத்தனை மாணவர்கள் உணர்ந்து படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1830இல் சேதுபதி ராமசாமி ஆண் வாரிசின்றிக் காலமானார். அவருடைய மனைவி ராணி பர்வதவர்த்தினி 1847இல் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார். கணவன் உயிரோடிருந்தபோது சுவீகாரத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் போனானா, கொடுக்காவிட்டால் விதவையால் தன்னிச்சையாகச் சுவீகாரம் எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்றால் ஜமீன் சர்க்காருக்குப் போய்ச் சேரும். கலெக்டர் அதில் காட்டிய அக்கறைக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு தலைமுறைக் காலம் நடந்து, அன்று நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கில் 1868இல் தீர்ப்பு வந்தது. கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும், பங்காளிகளின் சம்மதம் இருந்தால், திராவிட தேசத்தில் விதவை எடுத்த சுவீகாரம் செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள். அதில் ஒரு வாக்கியம் இன்றும் எல்லா நீதிமன்றங்களிலும் மேற்கோள் காட்டப்படுகிறது: இந்து சட்ட முறையில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு, எழுதப்பட்ட சாத்திரத்தை விட மேலோங்கி நிற்கும். காசியிலும் வங்கத்திலும் எழுதப்பட்ட நூல்களை விட ராமநாதபுரத்து மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு மதிப்பு உண்டு என்று உச்சநிலை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, நம் கரையின் வழக்கு ஒன்றில்தான்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1863இல், பக்கத்துச் சிவகங்கை ஜமீன் வழக்கில், காலமான ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் பிரிவி கவுன்சிலில் வென்றிருந்தார். தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்து, குடும்பம் கூட்டுக் குடும்பமாகவே இருந்தாலும், அவருடைய நேர் வாரிசுகளுக்கு இறங்கும் என்ற விதி அதிலிருந்து வந்தது. ஆக, இந்திய இந்து சட்டத்தின் இரண்டு பெரிய தூண்கள் வைகைக் கரையின் கடைக்கோடியில் நாட்டப்பட்டவை. இந்த வழக்குகளுக்கு ஆன செலவையும் கடனையும் நினைத்தால் பெருமையோடு வருத்தமும் வருகிறது. ஜமீனின் கடனை மாமூல் வரிகளாகவும் விளைச்சலில் கூடுதல் பங்காகவும் சுமந்தவர்கள் கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருந்த குடிகள்.

கடலும் வழக்குக்குத் தப்பவில்லை. பாக் விரிகுடாவில் நம் கரையை ஒட்டிய சங்குப் படுகைகள் சேதுபதியின் உரிமையில் இருந்தன, குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அந்தப் படுகையிலிருந்து பிறர் சங்கு எடுத்தால் அது திருட்டா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் உள்ள கடல் யாருக்கும் சொந்தமில்லை என்பது பொதுவான கொள்கை. ஆனால் பாக் விரிகுடா நிலம் சூழ்ந்த கடல், அங்கே சங்கு குளிக்கும் உரிமை தலைமுறை தலைமுறையாகச் சேதுபதிகளின் கையில் இருந்து வந்தது, ஆகவே அது சொத்துதான் என்று தீர்ப்பாயிற்று. "அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல்" என்ற அந்த வழக்கு 1904ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது. கடலெல்லை பற்றிய பன்னாட்டுச் சட்ட நூல்களில் கூட அது பேசப்படுகிறது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை கடலை நம்பி வாழ்கிறவர்களின் பேரப்பிள்ளைகள் சட்டம் படிக்க வந்திருக்கும் இந்தக் காலத்திலாவது இந்தத் தீர்ப்பை நம் பிள்ளைகள் முழுமையாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்படிப்பட்ட மண்ணிலிருந்து, மதுரையில் பள்ளிப் படிப்பும் சென்னை மாநிலக் கல்லூரியில் மேற்படிப்பும் முடித்து, 1898இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகச் சேர்ந்தவர் சீனிவாச ஐயங்கார். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளியூர் வக்கீல் சென்னைக்குப் போய்ப் பெயர் எடுப்பது அன்று எளிதல்ல. அவருக்கு முன் அப்படிப் போனவர்களில் மதுரை வக்கீல் எஸ். சுப்பிரமணிய ஐயர் முக்கியமானவர். மதுரையில் பதினைந்து ஆண்டுகள் தொழில் செய்துவிட்டுச் சென்னைக்குப் போய், உயர் நீதிமன்ற நீதிபதியாகி, கடைசியில் தன்னுடைய சர் பட்டத்தையே உதறியவர். சீனிவாச ஐயங்காருக்கு இன்னொரு துணையும் இருந்தது. சென்னையின் அட்வகேட் ஜெனரலாக, அதாவது சர்க்காரின் தலைமை வக்கீலாக, செயல்பட்ட முதல் இந்தியரான சர் வி. பாஷ்யம் ஐயங்காரின் மகளை அவர் மணந்திருந்தார். மாமனார் வழியாகக் கிடைத்த வாசல் சாதாரணமானதல்ல. ஆனால் நீதிபதி முன் எழுந்து நிற்கும்போது மாமனார் பெயர் வாதாடாது. சொந்தப் படிப்புதான் வாதாட வேண்டும். 1916இல் அவர் சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல் ஆனார்.

அந்தப் பதவியில் அவர் இருந்த நான்கு ஆண்டுகளைப் பலர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அன்னி பெசன்ட் அம்மையாரின் பத்திரிகைக்கு 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் கீழ் ஜாமீன் கேட்டுப் பறிமுதல் செய்ததை எதிர்த்த வழக்கு 1919இல் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. தீர்ப்பின் தலைப்பில் எதிர்த்தரப்பாக நிற்பது "சென்னை அட்வகேட் ஜெனரல்" என்ற பதவி. அந்த ஆண்டுகளில் அந்தப் பதவியில் இருந்தவர் நம் ராமநாதபுரத்துக்காரர். சர்க்கார் வக்கீல் என்பவர் சர்க்காருடைய கட்சியை நடத்தத்தான் வேண்டும். அது தொழில் தர்மம். ஆனால் எந்தச் சட்டத்தைக் காப்பாற்றி வாதாடுகிறோமோ அந்தச் சட்டம் நம் மக்களை என்ன செய்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் கட்டுக் கட்டாகப் படித்துக்கொண்டிருந்த ஒருவரின் மனம் 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலாபாக் செய்தி வந்தபோது என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் பல முறை எண்ணியிருக்கிறேன். 1920இல் பதவியை விட்டு விலகினார். சர்க்கார் கொடுத்த சி.ஐ.இ. என்ற கௌரவப் பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் சி.பி. ராமசாமி ஐயர்.

வருமானத்தில் உச்சத்தில் இருந்த 46 வயது வக்கீல், உயர் நீதிமன்ற நீதிபதி பதவி எட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதையெல்லாம் விட்டுக் காங்கிரசுக்கு வந்தார் என்பதன் கனம் நம் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் முழுமையாகப் புரியும்.

காங்கிரசுக்குள் வந்ததும் அவருக்கும் சேலத்து வக்கீலான ராஜாஜிக்கும் வழி பிரிந்தது. 1922 டிசம்பரில் கயா காங்கிரசில், சட்டசபைத் தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பது பெரிய பிளவாயிற்று. சித்தரஞ்சன் தாஸ், மோதிலால் நேரு ஆகியோர் உள்ளே போய் எதிர்க்க வேண்டும் என்றார்கள். ராஜாஜி, பட்டேல் முதலியோர் காந்தியின் ஒத்துழையாமையில் மாற்றமே கூடாது என்றார்கள். தாஸ், நேரு தரப்பு சுயராஜ்யக் கட்சியாயிற்று. தமிழகத்தில் அதன் தலைவர் சீனிவாச ஐயங்கார். இரண்டு தரப்பிலும் தலைமை தாங்கியவர்கள் பெரும்பாலும் வக்கீல்களே என்பதைக் கவனியுங்கள். ராஜாஜி நீதிமன்றத்தை விட்டபோது அதன் முறையையும் சேர்த்து விட்டுவிட்டார். கதரும் ஆசிரமமும் மதுவிலக்கும் அவருடைய களங்களாயின. சீனிவாச ஐயங்கார் நீதிமன்றத்தின் முறையைச் சட்டசபைக்குள் கொண்டுபோக விரும்பினார். எதிரியின் மன்றத்திலேயே, எதிரியின் விதிகளை வைத்தே அவனை மடக்க வேண்டும் என்பது வக்கீலின் இயல்பு.

1926 அவருடைய ஆண்டு. அந்த ஆண்டின் பிற்பகுதியில் நடந்த சென்னை மாகாண சட்டமன்றத் தேர்தலில், தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 41ஐச் சுயராஜ்யக் கட்சி வென்றது. ஆறு ஆண்டுகளாக ஆட்சியில் இருந்த நீதிக்கட்சிக்கு 21 இடங்களே கிடைத்தன. கவர்னர் மந்திரிசபை அமைக்க அழைத்தார். மாகாண அதிகாரத்தைக் கவர்னருக்கும் மந்திரிகளுக்கும் பிரித்த இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்பது காங்கிரசின் கொள்கை; வென்ற கட்சி மறுத்துவிட்டது. டாக்டர் பி. சுப்பராயன் சுயேச்சையாக மந்திரிசபை அமைத்தார். அதே டிசம்பரில் அசாமில் கௌகாத்தியில் கூடிய காங்கிரசுக்குச் சீனிவாச ஐயங்கார் தலைமை தாங்கினார். மாநாடு கூடுவதற்குச் சில நாட்களுக்கு முன், டிசம்பர் 23ஆம் தேதி, தில்லியில் ஆரிய சமாஜத் தலைவர் சுவாமி சிரத்தானந்தர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடெங்கும் இந்து முஸ்லிம் பகை கொந்தளித்த அந்த வேளையில் தலைமைப் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது.

அடுத்த ஓராண்டில் அவர் செய்த வேலையைத்தான் அவருடைய பொதுவாழ்வின் சிறந்த பகுதியாக நான் மதிக்கிறேன். முஸ்லிம்கள் மட்டும் வாக்களிக்கும் தனித் தொகுதி கேட்கும் முஸ்லிம் தலைவர்களோடு உட்கார்ந்து பேசினார். 1927 மார்ச்சில் ஜின்னா தலைமையில் தில்லியில் கூடிய முஸ்லிம் தலைவர்கள், சில நிபந்தனைகள் நிறைவேறினால் தனித் தொகுதியைக் கைவிட்டுக் கூட்டுத் தொகுதியை ஏற்கத் தயார் என்றார்கள். சிந்து தனி மாகாணமாக வேண்டும். வடமேற்கு எல்லைப்புறத்துக்கும் பலுசிஸ்தானத்துக்கும் மற்ற மாகாணங்களைப் போன்ற சீர்திருத்தம் வேண்டும். பஞ்சாபிலும் வங்கத்திலும் மக்கள்தொகைக்கு ஏற்ற பிரதிநிதித்துவம் வேண்டும். மத்திய சட்டசபையில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும். மே மாதம் பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி இதை ஏற்றது. அக்டோபரில் கல்கத்தாவில் அவர் ஒற்றுமை மாநாட்டைக் கூட்டினார். டிசம்பரில் டாக்டர் அன்சாரி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் அந்த அடிப்படையை உறுதி செய்தது. பங்காளிச் சண்டையில் இரண்டு கட்சிக்காரர்களையும் எதிரெதிரே உட்கார வைத்து, யாருக்கு எது உயிர் போன்றது, எதை விட்டுக்கொடுக்க முடியும் என்று பிரித்துப் பார்க்கும் அனுபவ வக்கீலின் கை இதில் தெரிகிறது. அந்த உடன்பாடு மறு ஆண்டே நேரு அறிக்கையோடு குலைந்தது என்பது நாட்டின் துயரம். முஸ்லிம் வணிகர்களான மரைக்காயரும் சேதுபதியும் தலைமுறைகளாக ஒன்றாகத் தொழில் நடத்திய கரையிலிருந்து போன ஒருவர் அந்த முயற்சியில் முன் நின்றார் என்பதை, தம்பி, கீழக்கரைக்காரரான நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருடைய குறையையும் மறைக்கக் கூடாது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய பங்கு கேட்கும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அந்தக் காலத்தில் தமிழகக் காங்கிரசின் மேல்தட்டு பெரும்பாலும் மயிலாப்பூர் வக்கீல்களின் கையில் இருந்தது, அவர்களில் முன்னணியில் நின்றவர் சீனிவாச ஐயங்கார். வடநாட்டில் இந்துவும் முஸ்லிமும் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அத்தனை நுட்பமாகப் பார்த்தவர், தம் சொந்த மாகாணத்தில் பிராமணரல்லாதார் கேட்ட பங்கை அதே கவனத்தோடு பார்க்கவில்லை. 1926இல் கிடைத்த 41 இடங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகிவிடவில்லை. சுப்பராயன் மந்திரிசபை காலத்திலேயே, மந்திரி முத்தையா முதலியார் கொண்டுவந்த வகுப்புவாரி உத்தரவு நடைமுறைக்கு வந்தது; காங்கிரஸ் அதைக் கைகட்டி வெளியே நின்று பார்த்தது. தமிழக அரசியலின் பின்வந்த அரை நூற்றாண்டு எந்தப் பக்கம் திரும்பியது என்பது உங்களுக்குத் தெரியும்.

இனி, அவர் ஏன் ஒதுங்கினார் என்ற கேள்விக்கு வருகிறேன். 1928இல் மோதிலால் நேரு குழுவின் அறிக்கை இந்தியாவுக்குக் குடியேற்ற நாட்டு அந்தஸ்து, அதாவது பிரிட்டிஷ் முடியின் கீழ் கனடா, ஆஸ்திரேலியா போன்ற நிலை, போதும் என்றது. சீனிவாச ஐயங்கார் அதை ஏற்கவில்லை. முழு விடுதலையே குறிக்கோள் என்று அறிவித்து இந்திய விடுதலைச் சங்கம் தொடங்கினார்கள்; அதன் தலைவர் அவர், செயலாளர்கள் ஜவாஹர்லால் நேருவும் சுபாஷ் சந்திர போசும். அட்வகேட் ஜெனரலாக இருந்த, ஐம்பதைத் தாண்டிய ஒரு சட்ட நிபுணர், காங்கிரசின் மிகத் தீவிரமான இளைஞர்கள் இருவருக்குத் தலைவராக நின்றார் என்பது வெளியிலிருந்து பார்க்க வியப்பாக இருக்கும். எனக்கு அதில் வியப்பு இல்லை. பிராதில், அதாவது வழக்கு மனுவில், என்ன பரிகாரம் கேட்கிறோமோ அதற்கு மேல் நீதிமன்றம் கொடுக்காது என்பது சிவில் வக்கீலின் முதல் பாடம். பாதியைக் கேட்டுவிட்டு முழுதை எதிர்பார்ப்பவன் வக்கீல் அல்ல. சுதந்திரம் வேண்டுமென்றால் அதைக் கோரிக்கையிலேயே எழுது என்பதுதான் அவருடைய நிலை.

1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அவர் கேட்டது கிடைத்தது. ஆனால் அதே லாகூரில் செயற்குழு அமைப்பில் தங்கள் தரப்பு ஒதுக்கப்பட்டதாகக் கருதி அவரும் போசும் வெளியேறித் தனிக் கட்சி அறிவித்தார்கள். அது நிலைக்கவில்லை. 1930இல் அவர் அரசியலை விட்டு விலகினார். அதே 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வேதாரண்யம் கடற்கரையில் உப்பு எடுத்தார். அதுவரை தீர்மானத்தின் வாசகத்திலும் சட்டசபையின் வாக்கெடுப்பிலும் நடந்துகொண்டிருந்த போராட்டம், நம் கரையைப் போன்ற ஒரு கடற்கரையின் உப்பளத்துக்கு வந்துவிட்டது. உப்பை எடுக்கக் கூடாது என்ற சட்டம் சரியா தவறா என்று வாதாட வேண்டியதே இல்லை. எடுத்துவிட்டுச் சிறைக்குப் போனால் போதும். வாதத்தில் நிகரற்றவராக இருந்தவருக்கு வாதமே தேவைப்படாத களத்தில் இடம் இல்லாமல் போயிற்று. அவருடைய விலகலுக்கு ஆள்களுக்கிடையிலான மனத்தாங்கல்களைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு, அவை இருந்திருக்கலாம். ஆனால் போராட்டத்தின் முறையே மாறிவிட்டது என்பதைத்தான் முதன்மையான காரணமாக நான் காண்கிறேன். அவருடைய மகள் அம்புஜம்மாள், தந்தை விலகி நின்ற அந்த ஆண்டுகளில், சட்டமறுப்பில் இறங்கிச் சிறை சென்றார். பின்னாளில் தந்தையின் பெயரையும் காந்தியின் பெயரையும் சேர்த்துச் சென்னையில் சீனிவாச காந்தி நிலையத்தை நிறுவினார்.

அரசியலை விட்டவர் எங்கே போனார் என்பதுதான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. தம் மேசைக்குத் திரும்பினார். இந்து சட்டத்துக்கு ஜான் மேய்ன் எழுதிய பெருநூல் அன்று வக்கீல்களுக்கு வேதம் போன்றது. அதன் பத்தாம் பதிப்பை முழுவதும் திருத்தி விரிவுபடுத்தி 1938இல் வெளியிட்டார். மத்திய சட்டசபை இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டத்தை நிறைவேற்றி ஓராண்டே ஆகியிருந்தது. சட்டமே கைமாறிக்கொண்டிருந்த நேரம். அந்த நூலின் தலைப்பிலேயே இந்து சட்டத்தோடு வழக்காறும் சேர்ந்து நிற்கிறது. சுவீகார அத்தியாயத்தைப் பிரித்தால் ராமநாதபுரம் வழக்கைத் தாண்டாமல் போக முடியாது. அந்தத் தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் பிறந்தவர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, அதை நாட்டின் வக்கீல்களுக்கெல்லாம் விளக்கி எழுதினார். பாகப்பிரிவினை வழக்குகளில் பழைய கேள்வி ஒன்று எழும்போது பிற்காலப் பதிப்புகளில் விடை நிறைவாகக் கிடைக்காமல் இந்தப் பதிப்பைத் தேடிப்போகும் மூத்தவர்கள் எங்கள் சங்கத்தில் இன்றும் உண்டு. 1938இல் சுபாஷ் போசுக்கு ஆதரவாகச் சிறிது காலம் அரசியல் பேசினார். 1941 மே 19ஆம் தேதி சென்னையில் காலமானார்.

அவர் கை பட்டு வளர்ந்தவர்களையும் சொல்ல வேண்டும். திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி அவருடைய அரசியல் சீடர். சத்தியமூர்த்தியின் சீடர் விருதுநகர் காமராஜர். விருதுநகர் அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. குடும்பச் சொத்து வழக்குக்காகச் சென்னைக்குப் போன பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், சீனிவாச ஐயங்காரைச் சந்தித்து, அந்தத் தொடர்பிலேயே 1927 சென்னைக் காங்கிரசுக்குப் போனார் என்பது எங்கள் பக்கத்தில் பலரும் அறிந்த செய்தி. பத்து ஆண்டுகள் கழித்து, 1937 தேர்தலில், அதே தேவர் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ராமநாதபுரம் மன்னரையே தோற்கடித்தார். வழக்கு நடத்த வந்த கட்சிக்காரரை நாட்டு வேலைக்கு அழைத்துக்கொள்வது எல்லா வக்கீலாலும் ஆகிற காரியமல்ல. நம் மாவட்டத்தின் அரசியலுக்கு அவர் செய்த பெரிய உதவி இதுதான் என்று நான் நினைக்கிறேன். காமராஜரையும் தேவரையும் ஊர் ஊராகச் சிலை வைத்து நினைக்கிறோம். அந்தக் கதைகளில் இவர் பெயர் ஒரு வரியாக வந்து போகிறது.

அவரை மறந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். அவர் இங்கே பிறந்தாலும் தொழிலும் குடித்தனமும் சென்னையில். மயிலாப்பூர் லஸ்ஸில் அவர் குடியிருந்த அம்ஜத் பாக் வீட்டில் காந்தியே தங்கியிருக்கிறார். சென்னைக்காரர்கள் அவரைத் தங்கள் வக்கீல்களில் ஒருவராக எண்ணினார்கள். நம்மவர்கள் அவரைச் சென்னைக்காரராக எண்ணிவிட்டார்கள். அவருக்குப் பின் அவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்க ஒரு கட்சியும் இல்லை.

அரசியலுக்குப் போக நினைக்கும் உங்களுக்கு என்னுடைய யோசனை, முதலில் குறைந்தது பத்து ஆண்டுகள் சிவில் வழக்குகளை உண்மையாக நடத்துங்கள் என்பதே. முதுகுளத்தூர், திருவாடானைப் பக்கத்துக் கண்மாய் வழக்கும் மீனவக் குடும்பத்துப் பாகப்பிரிவினையும் நடத்தாமல் இந்தக் கரையின் மக்களை அறிய முடியாது. படிப்பில், 1868 தீர்ப்பை முழுவதுமாக முதலில் படியுங்கள். சுருக்கக் குறிப்பு போதாது. அதன் பிறகு 1938 பதிப்பில் சுவீகார அத்தியாயம். அதன் பிறகு அவருடைய 1926 கௌகாத்தித் தலைமையுரை. காங்கிரஸ் தலைவர்களின் உரைத் தொகுப்புகளில் கிடைக்கும். மூன்றையும் இந்த வரிசையில் படித்தால், ஒரே ஆள் எப்படி மூன்று இடங்களிலும் ஒரே முறையில் யோசிக்கிறார் என்பது தெரியும். சங்கு வழக்கின் தீர்ப்பு உங்களுக்கு வேண்டுமானால் ராமநாதபுரம் நீதிமன்றத்துக்கு வரும்போது என்னைக் கேளுங்கள், படி எடுத்துத் தருகிறேன்.